ஆப்பிரிக்கச் சுருள்முடியை ஒடியாமல் வளர்ப்பது: ஒரு முழுமையான வழிகாட்டி

கருப்பின மக்களின் நெருக்கமான சுருள்முடியை நீளமாகவும் ஆரோக்கியமாகவும் வளர்க்கும் முறையை இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். என் கணவரின் குடும்பம் கானாவின் குமாசி நகரிலிருந்து லண்டனுக்கு வந்தது. எங்கள் இரண்டு மகள்களின் தலைமுடியும் அப்பா வழி. பத்து ஆண்டுகளாக அவர்கள் தலையைக் கழுவி, சிக்கெடுத்து, பின்னிவருகிறேன். என்னைப் போன்ற வேறு சில தமிழ்த் தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்தபோது, நான் தடுமாறிய அதே இடங்களில்தான் அவர்களும் தடுமாறினார்கள் என்பதைக் கண்டேன். ஆகவே எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, அது ஏன் என்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. இவ்வகை முடி மாதத்துக்கு ஏறத்தாழ 0.8 செ.மீ. வளர்கிறது, நேர்முடி இதைவிடச் சற்று வேகமாக வளரும். அப்படியானால் ஆண்டுக்கு 9 முதல் 10 செ.மீ. வர வேண்டும். ஐந்து ஆண்டுகளாக ஒரு பெண்ணின் முடி காதுக்குக் கீழே இறங்கவே இல்லை என்றால், பெரும்பாலும் வேரில் வளர்ந்த அளவு நுனியில் ஒடிந்துகொண்டே இருக்கிறது என்றுதான் பொருள். 30 செ.மீ. நீளமுள்ள முடியின் நுனி, தலையை விட்டு வெளியே வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருக்கும். அந்த மூன்று வயது நுனியை ஒடியாமல் காப்பதற்காகத்தான் கீழே உள்ள எல்லா வேலையும்.

இந்த முடி எளிதில் ஒடிவதற்குக் காரணம் அதன் வடிவம். குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இல்லாமல் தட்டையான நீள்வட்டமாக இருக்கும். ஒவ்வொரு வளைவும் ஒரு பலவீனமான இடம். தலையில் சுரக்கும் எண்ணெய்ப்பசை இத்தனை வளைவுகளைத் தாண்டி நுனிக்கு வந்து சேர்வதில்லை என்பதால் நுனி எப்போதும் உலர்ந்தே இருக்கும்.

## 1. முதலில் அளந்து குறித்துக்கொள்ளுதல்

நெற்றி, உச்சி, இரு காதுகளின் மேல்பகுதி, பிடரி ஆகிய இடங்களில் ஒரு சிறு கற்றையை மெதுவாக இழுத்து நீட்டி, தையல் அளவுநாடாவால் அளந்து தேதியுடன் எழுதி வையுங்கள். கண்ணால் பார்த்து மதிப்பிடுவதில் பயனில்லை. நீட்டினால் 30 செ.மீ. வரும் முடி, காய்ந்து சுருங்கியபின் 10 செ.மீ. போலத்தான் தெரியும். வளரவில்லை என்று மனம் தளர்ந்து இருக்கிற முறையை மாற்றிக்கொண்டே போவது, அளக்காமல் தொடங்குவதன் முதல் விளைவு.

அடுத்ததாக, சீப்பில் வரும் முடியை ஒரு வாரம் வெள்ளைத் துணியின் மேல் போட்டுப் பாருங்கள். ஒரு முனையில் வெண்மையான சிறு குமிழ் இருந்தால் அது தன் காலம் முடிந்து உதிர்ந்த முடி. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை அப்படி விழுவது எல்லாத் தலைக்கும் இயல்பு. குமிழ் இல்லாமல் ஒன்றிரண்டு செ.மீ. நீளத்தில் துண்டுதுண்டாகக் கிடந்தால் அது ஒடிந்த முடி. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஒடிவதை இந்த வழிகாட்டியில் உள்ள முறைகள் நிறுத்தும். வேரோடு அளவுக்கு மீறி உதிர்ந்தால் நேரே 11ஆம் பகுதிக்குப் போய்விடுங்கள்.

முடியை 4ஏ, 4பி, 4சி என்று வகை பிரிக்கும் பேச்சில் புதியவர்கள் நாள்கணக்கில் மூழ்கிவிடுகிறார்கள். சுருளின் வடிவத்தை மட்டுமே அது சொல்கிறது. ஒரே தலையில் மூன்று வகையும் இருக்கலாம். ஒற்றை முடி மெல்லியதா தடித்ததா, தெளித்த தண்ணீர் முத்துமுத்தாக மேலே நிற்கிறதா உடனே உள்ளே இறங்குகிறதா என்ற இரண்டையும் தெரிந்துகொண்டால் போதும். மெல்லிய முடிக்கு ஷியா போன்ற கனமான தாவர வெண்ணெய்கள் ஒத்துவராது. தண்ணீர் மேலேயே நிற்கும் முடிக்கு வெதுவெதுப்பு தேவைப்படும்.

## 2. வாங்கி வைக்க வேண்டியவை

அகன்ற பல் சீப்பு ஒன்று (பற்களின் அடியில் வார்ப்புப் பிசிறு இல்லாததாக), எட்டுப் பெரிய கிளிப்புகள், தண்ணீர் தெளிக்கும் புட்டி, சல்பேட் இல்லாத ஷாம்பு, வழுவழுப்பான கண்டிஷனர் ஒரு பெரிய புட்டி, அலசாமல் விட்டுவிடும் லீவ்-இன் கண்டிஷனர், ஏதேனும் ஓர் எண்ணெய் அல்லது ஷியா வெண்ணெய் (ஆப்பிரிக்க ஷியா மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் கொழுப்பு), பழைய பருத்தி டி-ஷர்ட், சாட்டின் தொப்பி. இவ்வளவுதான்.

வளர்ச்சி எண்ணெய் என்று விற்கப்படும் எதையும் முதல் மூன்று மாதங்களுக்கு வாங்காதீர்கள். ஜமைக்காவின் கறுப்பு விளக்கெண்ணெய் முடியை வளர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. தடித்த எண்ணெய் என்பதால் நுனியைப் போர்த்திக் காக்கிறது, அந்த அளவில் பயன்தான். சாட் நாட்டின் பசாரா பெண்கள் பயன்படுத்தும் செபே பொடியின் சங்கதியும் அதே. அவர்கள் அதை எண்ணெயில் குழைத்து முடியின் நீளத்தில் மட்டும் பூசிப் பின்னிவிடுகிறார்கள், உச்சந்தலையில் தேய்ப்பதில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் பொடியை வேரில் அப்பிக்கொண்டு அரிப்பெடுத்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

## 3. சிக்கெடுத்தல்: கழுவுவதற்கு முன்னால்

அதிக முடி ஒடியும் இடம் இதுவாகையால் நேரத்தை இங்கே செலவிடுங்கள். நேர்முடியைக் காய்ந்த நிலையில் சீவுவது எளிது. இந்த முடியை அப்படிச் சீவினால் சீப்புக்கும் முடிக்கும் இடையே இழுபறி பலமடங்காகி, வளைவுகளில் முறியும். என் மூத்த மகளுக்கு நான்கு வயதுவரை, எனக்கு என் அம்மா செய்ததைப் போலவே தினமும் காலையில் தேங்காய் எண்ணெய் தடவி, நெருக்கமான பல் சீப்பால் உச்சியிலிருந்து கீழே இழுத்துச் சீவி, இரட்டைப் பின்னல் போட்டு அனுப்பினேன். குளியலறைத் தரையில் மிளகைவிடச் சிறிய கறுப்புச் சுருள்கள் சிதறிக்கிடக்கும். அவற்றைப் பெருக்கித் தள்ளினேனே தவிர, அவை என்ன என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

முறை இது. தலையை நெற்றி முதல் பிடரி வரை ஒரு வகிடும், காது முதல் காது வரை ஒரு வகிடுமாக நான்காகப் பிரியுங்கள். அடர்த்தியான முடியென்றால் எட்டாக. ஒரு பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கிளிப்பால் ஒதுக்குங்கள். அந்தப் பகுதியில் தண்ணீர் தெளித்து, பிழிந்தால் சொட்டாத அளவு ஈரமானதும், கை நிறையக் கண்டிஷனர் எடுத்து நுனியிலிருந்து மேல்நோக்கிப் பூசுங்கள்.

முதலில் விரல்களால் சிக்கைப் பிரிக்க வேண்டும். சீப்பு முடிச்சைக் கண்டதும் இழுக்கும். விரல் கண்டதும் நிற்கும். பெரிய சிக்குகள் பிரிந்தபின், நுனியிலிருந்து மூன்று செ.மீ. மேலே பிடித்துக்கொண்டு அந்த மூன்று செ.மீ. மட்டும் சீவுங்கள். அது தடையின்றி ஓடியதும் இன்னும் மூன்று செ.மீ. மேலே போங்கள். வேரை எட்டுவது கடைசியில்தான். சீவும் இடத்துக்கு மேலே கற்றையை மற்றொரு கையால் இறுகப் பிடித்திருந்தால் இழுவிசை வேருக்குப் போகாது, குழந்தை அழாது.

ஒரு பகுதி முடிந்ததும் அதைத் தளர்வாக முறுக்கி விடுங்கள். முறுக்காமல் அடுத்ததற்குப் போவது எல்லோரும் செய்யும் தவறு. பிரித்த முடி பக்கத்துப் பகுதியோடு மறுபடியும் பின்னிக்கொண்டு, செய்த வேலையே திரும்பவும் வரும். நுனியில் ஒற்றை முடி தன்னைத்தானே சுற்றி மணல்போல் முடிச்சிட்டிருந்தால் அதை அவிழ்க்க முயலாதீர்கள். கூர்மையான முடி வெட்டும் கத்தரியால் முடிச்சுக்கு மேலே வெட்டிவிடுங்கள்.

## 4. கழுவுதல்

வாரம் ஒருமுறை அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். தினமும் கழுவினால் இருக்கும் எண்ணெய்ப்பசையும் போய்விடும். மாதக்கணக்கில் கழுவாமல் விட்டால் முடி வளரும் என்ற நம்பிக்கையும் தவறு. அழுக்கும் பழைய எண்ணெயும் படிந்த தலையில் பொடுகு பெருகும், அரிப்பு வரும், சொறியும் நகம் முடியை முறிக்கும்.

முறுக்கிய பகுதிகளை அவிழ்க்காமலே வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, ஷாம்புவைத் தண்ணீரில் கரைத்து, வகிடுகளின் வழியாகத் தோலில் மட்டும் ஊற்றி, விரல் நுனிகளால் தேயுங்கள். நகம் படக் கூடாது. வழியும் நுரையே நீளத்துக்குப் போதுமானது. முழு முடியையும் தலைமேல் குவித்துக் கசக்கினால் அரைமணி நேரம் எடுத்த சிக்கு அரை நிமிடத்தில் திரும்பிவிடும். நம் வீடுகளில் எண்ணெய்க் குளியலன்று சிகைக்காயைப் போட்டு அரக்கித் தேய்க்கும் பழக்கத்தை இந்தத் தலையில் காட்டாதீர்கள்; அரைத்த தூளின் துகள்கள் சுருள்களுக்குள் போய் உட்கார்ந்தால் அலசி எடுப்பது பெரும்பாடு.

லண்டனைப் போலக் கடினநீர் வரும் ஊர்களில், மாதம் ஒருமுறை, கால்சியத்தைப் பிடித்து நீக்கும் ஈடிடிஏ என்ற பொருள் கலந்த சுத்திகரிப்பு ஷாம்பு தேவைப்படும். கால்சியம் முடியின் மேல் படிந்தால், எந்தக் கண்டிஷனர் போட்டாலும் முடி நார்போல் நிற்கும். கண்டிஷனரை மாற்றிமாற்றி வாங்கிக் காசைக் கரைத்த பிறகே எனக்கு இது புரிந்தது.

## 5. ஆழ்ந்த கண்டிஷனிங்

ஷாம்புவுக்குப் பின் ஒவ்வொரு முறையும் கண்டிஷனர் போட வேண்டும். இது விருப்பத்துக்கு விடப்பட்ட படியன்று. சேதமான இடங்களில் முடி எதிர்மின்னேற்றம் கொண்டிருக்கும். கண்டிஷனரில் உள்ள நேர்மின்னேற்ற மூலக்கூறுகள் அங்கே போய் ஒட்டிக்கொண்டு உராய்வைக் குறைக்கின்றன. பூசி, பிளாஸ்டிக் தொப்பியால் மூடி, அதன் மேல் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைச் சுற்றி 20 முதல் 30 நிமிடம் விட்டால் போதும். இரவு முழுக்க வைப்பதால் கூடுதல் பயன் எதுவும் கிடைப்பதில்லை. தோல் ஊறி நமைச்சலெடுக்கும்.

ஈர முடியை இழுத்தால் ரப்பர்போல் நீண்டு திரும்பாமல் அறுந்துபோகிறதா? புரதம் கலந்த கண்டிஷனரை ஒருமுறை போடுங்கள். இழுத்தவுடன் நீளாமல் பட்டென்று ஒடிகிறதா? புரதத்தை நிறுத்திவிட்டு ஈரப்பதம் தரும் கண்டிஷனருக்கு மாறுங்கள். சாதம் வடித்த கஞ்சி, முட்டை, மயோனெஸ் எல்லாம் சமையலறையிலேயே இருக்கட்டும்.

## 6. ஈரத்தை உள்ளே நிறுத்துதல்

முதன்முதலில் என் எண்ணெய்ப் புட்டியைப் பார்த்தபோது என் மாமியார் கேட்ட ஒரே கேள்வி: "எண்ணெய் இருக்கிறது, தண்ணீர் எங்கே?" உலர்ந்த முடியில் எண்ணெய் பூசினால் பளபளக்கும், உள்ளே உலர்ந்தபடியே இருக்கும். முடியை மென்மையாக்குவது தண்ணீர். அந்தத் தண்ணீர் ஆவியாகாமல் தடுப்பது எண்ணெயும் வெண்ணெயும். ஆகவே வரிசை மாறக் கூடாது.

கண்டிஷனரை அலசியபின் டி-ஷர்ட்டால் ஒற்றி எடுங்கள். துவாலையின் நூல் சுழிகள் சுருளில் மாட்டும். முடி இன்னும் ஈரமாக இருக்கும்போதே, ஒவ்வொரு பகுதியாக லீவ்-இன், அதன் மேல் சிறிது எண்ணெய், அதன் மேல் கிரீம் அல்லது ஷியா வெண்ணெய் என்று பூசுங்கள். கிரீமை முன்னும் எண்ணெயைப் பின்னும் பூசுவோரும் உண்டு. இரண்டு வாரம் ஒன்று, இரண்டு வாரம் மற்றொன்று செய்து, மூன்றாம் நாள் காலையில் எது மென்மையாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஷியா வெண்ணெய் உள்ளங்கையில் நெய்போல் உருகும்வரை தேய்த்த பிறகே முடிக்குப் போக வேண்டும். கட்டியாகப் பூசினால் வெள்ளைத் திட்டுகளாக நிற்கும்.

தேங்காய் எண்ணெய்க்கு இங்கே தனியிடம் உண்டு. அதிலுள்ள லாரிக் அமிலம் முடியின் உட்பகுதிவரை ஊடுருவி, கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது. ஆகவே கழுவுவதற்கு ஓரிரு மணி நேரம் முன்னால் முடியின் நீளத்தில் தடவுவதே அதன் சரியான இடம். எந்த எண்ணெயையும் உச்சந்தலையில் அரக்கித் தேய்க்காதீர்கள். பொடுகுக்குக் காரணமான மலசீசியா என்ற பூஞ்சைக்கு எண்ணெய்தான் உணவு. செதில் உதிர்வதைத் தோல் வறட்சி என்று எண்ணி மேலும் எண்ணெய் ஊற்றுவது தீக்கு நெய் வார்ப்பது. அதற்குக் கீட்டோகொனசோல் ஷாம்புவை மருந்தகத்தில் கேட்டு வாங்கித் தோலில் மட்டும் போட்டு, நீளத்துக்கு வழக்கம்போல் கண்டிஷனர் போடுங்கள்.

## 7. உலர்த்துதலும் வெப்பமும்

பிரித்த எல்லாப் பகுதிகளையும் இரட்டைப் புரி முறுக்காக முறுக்கிக் காயவிடுவது எல்லாவற்றிலும் பாதுகாப்பானது. நீட்டிக் காயவைக்க வேண்டுமென்றால் வேரிலிருந்து நுனிவரை நூலைச் சுற்றிக்கட்டும் மேற்கு ஆப்பிரிக்க முறை இருக்கிறது. ஒரு சொட்டு வெப்பமும் இல்லாமல் முடி நேராகும்.

மின் உலர்த்தியைப் பயன்படுத்தினால் குறைந்த சூட்டில், வெப்பத்தடுப்பு கிரீம் பூசிய பிறகு மட்டும். நேராக்கும் இரும்பு 180 பாகைக்கு மேல் போகக் கூடாது. முடி முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர முடியில் சூட்டு இரும்பை வைத்தால் உள்ளிருக்கும் நீர் கொதித்துக் குமிழாகி முடியின் உள்ளேயே ஓட்டையிடும். 'உஸ்' என்று ஒலி கேட்டால் உடனே எடுத்துவிடுங்கள். வெப்பத்தில் சுருள் இழந்த முடி மீண்டும் சுருளாது. அது வளர்ந்து வெட்டுப்படும்வரை அப்படியேதான்.

## 8. பின்னல்: காப்பதும் கெடுப்பதும்

கார்ன்ரோ (தலைத்தோலை ஒட்டி வரிசையாகப் போடுவது), பாக்ஸ் பிரெய்ட் (கட்டம் கட்டமாக வகிடெடுத்துத் தனித்தனியாகத் தொங்கவிடுவது), ட்விஸ்ட் (இரண்டு புரியாக முறுக்குவது) போன்ற பின்னல்களைக் காப்புப் பின்னல்கள் என்கிறார்கள். தினமும் சீவாமல் இருக்கலாம், நுனி வெளியே தெரியாமல் மடங்கியிருக்கும் என்பதால் ஒடிவது குறைகிறது. ஆனால் இறுக்கமாகப் போட்ட பின்னல் இதற்கு நேர்மாறான வேலையைச் செய்யும். தொடர்ந்து இழுபடும் மயிர்க்கால் முதலில் சோர்ந்து மெல்லிய முடியைத் தரும். பல ஆண்டுகள் நீடித்தால் வடுவாகி மூடிக்கொள்ளும். நெற்றியோரமும் காதோரமும்தான் முதலில் போகும். தொடக்கத்திலேயே இழுப்பை நிறுத்தினால் முடி திரும்ப வரும். வடு விழுந்தபின் வராது.

என் இளைய மகளின் ஆறாவது பிறந்தநாளுக்காக ஓர் அழகுநிலையத்தில் ஐந்து மணி நேரம் உட்காரவைத்துப் பின்னல் போட்டோம். வீட்டுக்கு வந்தபோது அவளால் புருவத்தை உயர்த்த முடியவில்லை. முதல் இரண்டு நாள் வலிக்கத்தான் செய்யும், பாராசிட்டமால் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மறுநாள் காலையில் நெற்றிக்கோட்டில் ஒவ்வொரு பின்னலின் அடியிலும் கடுகளவு வெள்ளைக் கொப்புளங்கள். அன்றே நெற்றியோர இரண்டு வரிசைகளையும் அவிழ்த்துவிட்டேன். கொடுத்த பணத்தை நினைத்து இரண்டு நாள் தாமதித்திருந்தால் கொப்புளம் இருந்த இடங்களில் முடியும் போயிருக்கலாம். வலிநிவாரணி தேவைப்படும் பின்னலை அவிழ்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பின்னுபவரிடம் உட்காரும் முன்பே கீழ்க்கண்டவற்றைச் சொல்லிவிடுங்கள். பாதியில் சொன்னால் யாரும் அவிழ்த்துப் போடமாட்டார்கள்.

நெற்றியோரத்து மெல்லிய முடியைப் பின்னலில் சேர்க்க வேண்டாம், ஒரு விரலகலம் விட்டுவிடுங்கள். பின்னல்கள் சுண்டுவிரல் தடிமனுக்குக் குறைய வேண்டாம். மிகச் சிறிய பின்னலில் சில முடிகளே முழு எடையையும் தாங்குகின்றன. செயற்கை முடி சேர்ப்பதானால் தோள்வரை போதும், இடுப்புவரை வேண்டாம். சொந்த முடியில் தொடங்கிச் செயற்கை முடியைச் சிறிதுசிறிதாகச் சேர்க்கும் 'நாட்லெஸ்' முறை வேரில் முடிச்சுப் போடுவதைவிட இலகுவானது.

செயற்கை முடியை முந்தின நாளே ஆப்பிள் சைடர் வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, அலசிக் காயவைத்துக் கொண்டுபோனால், அதன் மேல்பூச்சால் வரும் அரிப்பு பலருக்குக் குறைகிறது. பின்னலின் நுனியை வெந்நீரில் முக்கி இறுக்கும் வழக்கமும் உண்டு. அந்த நேரம் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். நனைந்த பின்னல் கழுத்தில் பட்டுச் சுட்டுக்கொண்ட பிள்ளைகள் உண்டு. உடனே துவாலையில் சுற்றிவிட வேண்டும்.

## 9. பின்னலோடு இருக்கும் வாரங்களும் இரவுகளும்

பின்னல் போட்டாயிற்று என்று தலையை மறந்துவிடுவது வழக்கம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீர்த்த ஷாம்புவை வகிடுகளில் ஊற்றி அலசுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரும் லீவ்-இன்னும் கலந்து தெளியுங்கள். ஈரமான பின்னலைக் கட்டிவைத்துக்கொண்டு தூங்கினால் முடைநாற்றம் அடிக்கும்.

தினமும் இரவில் சாட்டின் தொப்பி. பருத்தித் தலையணை உறை ஈரத்தை உறிஞ்சும், சொரசொரப்பால் நுனியைத் தேய்க்கும். தொப்பி நழுவும் குழந்தைக்குத் தலையணைக்கே சாட்டின் உறை போட்டுவிடுங்கள். குளிர்காலத்துக் கம்பளித் தொப்பியின் உட்புறத்திலும் சாட்டின் துணி தைத்துவிடலாம். நீச்சலுக்குப் போகும் முன் முடியை நல்ல தண்ணீரில் நனைத்துக் கண்டிஷனர் பூசிவிட்டால், ஏற்கெனவே நனைந்த முடி குளோரின் நீரைக் குறைவாகவே உறிஞ்சும்.

ஆறு வாரம், அதிகம் போனால் எட்டு வாரம். அதற்கு மேல் வைத்திருந்தால் வேரில் வளர்ந்த புதுமுடி பின்னலின் முழு எடையையும் தாங்க வேண்டியிருக்கும், அடியில் பிரிக்க முடியாத சிக்குச்சடை விழும்.

## 10. பின்னலை அவிழ்த்தல்

ஆறு வாரம் காத்த முடியை ஒரே மாலையில் இழக்கும் இடம் இது. அவசரமாக அவிழ்த்து, நேரே குளியலறைக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். ஒவ்வொரு பின்னலின் அடியிலும் தூசியும் உதிர்ந்த முடியும் சேர்ந்து சாம்பல்நிறச் சிறு வளையமாக இருக்கும்; தண்ணீர் பட்டால் அது கம்பளிபோல் இறுகிச் சடையாகிவிடும். பிறகு கத்தரிதான்.

செயற்கை முடியை, உங்கள் முடி எங்கே முடிகிறது என்று தடவிப் பார்த்து அதற்கு நான்கு விரல் கீழே வெட்டுங்கள். கீழிருந்து மேலாக அவிழ்த்து, அடியில் உள்ள வளையத்தில் சிறிது எண்ணெயோ கண்டிஷனரோ தடவி விரல்களால் இரு பக்கமும் பிரித்து, அழுக்கைத் தள்ளி எடுத்துவிட்டு, அகன்ற சீப்பால் நுனியிலிருந்து சீவி முறுக்கி வையுங்கள். எல்லாப் பின்னலும் இப்படி முடிந்த பிறகே தண்ணீர். பாக்ஸ் பிரெய்ட் என்றால் நான்கு மணி நேரம் ஆகும். பள்ளிக்கு முந்தின இரவு தொடங்காதீர்கள்.

கையில் வரும் முடியின் அளவு பார்க்கிறவரைப் பயமுறுத்தும். நாளொன்றுக்கு 50 முதல் 100 என்றால் 42 நாளில் 2,100 முதல் 4,200 முடி. விழ வழியில்லாமல் பின்னலுக்குள்ளேயே இருந்தது இப்போது ஒன்றாக வருகிறது. குமிழ் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் கவலை வேண்டாம்.

அடுத்த பின்னலை அன்றைக்கே போட வேண்டாம். ஓரிரு வாரமாவது தோலுக்கு ஓய்வு கொடுத்து, கழுவி, நுனியைப் பாருங்கள். பிளவுகள் மேலேறும் இயல்புடையவை. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை அரை செ.மீ. வெட்டினால் பின்னால் ஐந்து செ.மீ. வெட்ட வேண்டி வராது. வெட்டினால் வேகமாக வளரும் என்பதில் உண்மையில்லை, வேருக்கு நுனியில் நடப்பது தெரியாது.

## 11. ரிலாக்ஸரும் மருத்துவரும்

முடியை நிரந்தரமாக நேராக்கும் ரிலாக்ஸர் சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற வன்காரத்தால் முடியின் கந்தகப் பிணைப்புகளையே உடைக்கிறது. போட்டே ஆக வேண்டும் என்போர், தேர்ந்தவரிடம், 8 முதல் 12 வாரத்துக்கு ஒருமுறைக்கு மிகாமல், புதிதாக வளர்ந்த பகுதியில் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். முந்தின நாள் தலையைச் சொறியவோ சீவிக் கிளறவோ கூடாது, போட்ட கையோடு பின்னலும் கூடாது. குழந்தைக்கு நான் போடமாட்டேன். அமெரிக்காவில் 33,497 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2022இல் வெளியான ஆய்வில், முடி நேராக்கும் ரசாயனங்களை ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியோர் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய்க்கு ஆளாகும் வாய்ப்பு 4.05 விழுக்காடு என்றும், பயன்படுத்தாதோருக்கு 1.64 விழுக்காடு என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். நேரடிக் காரணம் என்று அது நிறுவவில்லை. ஆனாலும் அந்த வேறுபாடு எனக்குப் போதுமானதாக இருந்தது.

உச்சியில் தொடங்கி வட்டமாக முடி குறைவது, அங்கே எரிச்சலோ தொட்டால் வலியோ இருப்பது ஆகியவற்றை எண்ணெயால் சரிசெய்ய முயன்று மாதங்களை வீணாக்காதீர்கள். கருப்பினப் பெண்களிடம் அதிகம் காணப்படும், மயிர்க்காலை வடுவாக்கும் ஒரு நோய் இப்படித்தான் தொடங்குகிறது. இழந்ததை மீட்க முடியாது, தோல் மருத்துவர் மேலும் பரவாமல் தடுக்க முடியும். தலை முழுவதும் வேரோடு உதிர்ந்தால் இரும்புச்சத்து, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதம்), வைட்டமின் டி, தைராய்டு ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை கேளுங்கள். பயோட்டின் மாத்திரை சாப்பிடுவோர் அதைப் பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். தைராய்டு, மாரடைப்பு தொடர்பான பரிசோதனை முடிவுகளை அது திரித்துவிடும்.

## 12. மூன்று மாதம் கழித்து

முன்பு குறித்த அதே இடங்களில் மறுபடியும் நீட்டி அளந்துபாருங்கள். இரண்டு செ.மீ. அளவில் கூடியிருந்தால் எதையும் மாற்றாமல் தொடருங்கள். எல்லா இடத்திலும் கூடாமல் இருந்தால், பெரும்பாலும் சிக்கெடுப்பதிலோ ஈரத்திலோ குறை. 3ஆம், 6ஆம் பகுதிகளை மறுபடி படியுங்கள். நெற்றியோரம் மட்டும் கூடவில்லை என்றால் பின்னல் இறுக்கம் அல்லது ரப்பர் பேண்ட். பிடரி மட்டும் என்றால் கம்பளிச் சட்டையின் கழுத்துப்பட்டை.

என் மூத்த மகளுக்கு இடது காதின் மேல்பகுதி மட்டும் மற்ற இடங்களைவிட இரண்டு செ.மீ. குறைவாகவே ஓராண்டு நின்றது. தூங்கும் பக்கம், பள்ளிப்பையின் வார் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, ஒருநாள் வகுப்பறை ஜன்னல் வழியாக அவளையே கவனித்தேன். கணக்குப் போடும்போது இடது கையால் அந்தக் கற்றையைச் சுருட்டிச் சுருட்டி இழுத்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் மட்டும் இப்போது ஒரு சிறு கார்ன்ரோ, தளர்வாக.